தாய்ப் பூச்சியை ஏமாற்றும் புல்!

கென்யா நாட்டில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. பொழுது சாய்ந்துவிட்டது.

வைக்கோல் நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சி பறந்து வருகிறது. அதன் வயிறு நிறைய முட்டைகள். எந்தச் செடியில் இடுவது? அதுதான் அதன் கவலை!

முட்டையிலிருந்து வரும் புழுவால் அதிக தூரம் போக முடியாது. தாய் இடம் தவறி முட்டையிட்டால், பிள்ளைகள் பிழைக்காது.

கொம்புதான் மூக்கு

பூச்சிக்கு நம்மைப் போல் மூக்கு கிடையாது. தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளால் அது மோப்பம் பிடிக்கிறது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு வாசனை உண்டு. அந்த வாசனையைத் தொடர்ந்து வந்து, இலையில் உட்கார்ந்து, காலால் தொட்டு ருசி பார்க்கும். பிடித்தால் முட்டையிடும்.

புழு முதலில் இலையைத் தின்னும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். நடுக்குருத்து காயும். உள்ளே இருக்கும் புழுவுக்கு மேலே தெளிக்கும் மருந்து எட்டாது.

இந்தத் தண்டுத் துளைப்பான் பூச்சி ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. நம் நாட்டுச் சோளத்தையும் இது விடுவதில்லை. கென்யாவிலோ மக்காச்சோளம்தான் ஏழைகளின் சாப்பாடு. பயிர் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

விஞ்ஞானிகளின் தந்திரம்

இந்திய விஞ்ஞானி ஜியாவுர் கானும், அவருடன் உழைத்த ஆராய்ச்சியாளர்களும் ஒரு வழி கண்டார்கள். 1997-ம் ஆண்டு முதல் அது கென்யா விவசாயிகளிடம் பரவியது.

கொல்லையைச் சுற்றி நேப்பியர் புல்லை நடவேண்டும். இருட்டிய முதல் ஒரு மணி நேரத்தில் இந்தப் புல்லின் வாசனை ஏறக்குறைய 100 மடங்கு பெருகுகிறது. பூச்சி முட்டையிட வருவதும் அந்த நேரத்தில்தான்! மக்காச்சோளத்தை விட்டுவிட்டுப் புல்லில் முட்டையிடுகிறது.

ஆனால், புழு தண்டைத் துளைத்ததும் புல்லிலிருந்து பசை போன்ற சாறு வடியும். பெரும்பாலான புழுக்கள் அங்கேயே மடிந்துபோகும்.

மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற செடியை நடுகிறார்கள். இது பயறு இனத்தைச் சேர்ந்தது. இதன் வாடை தாய்ப் பூச்சிக்குப் பிடிப்பதில்லை என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. இதன் வேர், பயிரை உறிஞ்சும் சுடுமல்லி இனக் களையையும் அழிக்கிறது. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது.

உள்ளே இருக்கும் செடி பூச்சியை விரட்டுகிறது. வெளியே இருக்கும் புல் அதை இழுக்கிறது. இந்த முறைக்குத் ‘தள்ளு - இழு’ என்றே பெயர்!

புல்லும் செடியும் வீணாவதில்லை. அறுத்து மாட்டுக்குப் போடுகிறார்கள். மக்காச்சோளம் வீடு வந்து சேருகிறது. பிள்ளைகளுக்குப் பாலும் கிடைக்கிறது.