விடுதலைக்குப் பின்னும் தொடரும் இயலாமை

1975 ஜூன் 25இல் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1977 மார்ச் 21இல் நீக்கப்பட்டது. அம்மாதத் தேர்தலிலேயே வட இந்திய மக்கள் ஆட்சியை மாற்றிவிட்டனர். இருபத்தொரு மாத அடக்குமுறை அவர்தம் உள்ளத்தை முறிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாய் நீடிக்கும் அடக்குமுறையோ வேறு வகையானது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் வரலாறு இதனைக் காட்டுகிறது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாய்ப் பிறந்து, 1976இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உரிமைகளைப் பறித்த ஆட்சியே இதனைத் தந்தது விந்தையே.

பூவிருந்தவல்லிக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும், செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு உழைத்த இருளர் குடும்பங்கள் பல இச்சட்டத்தின்கீழ் மீட்கப்பட்டுள்ளன. கடன் சட்டப்படி அற்றுப்போகிறது. கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்குகிறார். எனினும் சிலர் மீண்டும் முன்பணம் பெற்றுச் சூளைக்கே திரும்புகின்றனர். பசி இதற்கு முதற்காரணம். ஆனால் அது மட்டுமன்று. சோம்பல் என்று கூறுவோர் நம் சபைகளிலும் உண்டு, அக்கூற்று பிழையானது.

செலிக்மன், மையர் என்னும் அமெரிக்க உளவியலார் 1967இல் நாய்களைக்கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். எவ்வாற்றானும் நிறுத்தவியலாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்துக்கிடந்தன. இதனைக் 'கற்றுக்கொண்ட இயலாமை' என்றனர். 2016இல் அவ்விருவரே தம் கருத்தைத் திருத்தினர். நீடித்த துன்பத்தில் செயலற்றுப்போதல் கற்கப்படுவதன்று, இயல்பாய் நேர்வது. தன் செயலால் நிலைமை மாறும் என்பதே கற்கப்பட வேண்டியது என்றனர்.

யாத்திராகமம் 6:9ஐ இவ்வொளியில் வாசிக்கலாம். விடுதலைச் செய்தியை இஸ்ரவேலர் ஏற்கவில்லை. மனச்சோர்வையும் வேலையின் கொடுமையையும் காரணமாய்க் கூறும் ஆசிரியர், அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை என்பதைப் பிரசங்கிப்போர் கவனிப்பது நன்று.

அந்நாய்களைக் கயிற்றால் பலமுறை தடுப்பின்மேல் இழுத்துச் சென்ற பின்னரே அவை தாமாகத் தாண்டின. மனிதரை அவ்வாறு இழுத்தல் தகாது. செய்து பார்க்க வாய்ப்பளித்தல் தகும். 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்குச் சான்று. பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்தோர், நச்சுமுறி மருந்துக்கான நஞ்சைத் தம் கைத்திறனாலேயே எடுத்து விற்றனர். அரிசியும் புடவையும் வழங்கிவிட்டுத் திரும்பும் நமது ஊழியத்தில் இக்கூறு இல்லை. ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிப் போதகர் ஒருவர் பழங்குடிச் சான்றிதழுக்காக இருளர் ஒருவருடன் கோட்டாட்சியர் அலுவலகம் செல்லலாம். மனுவையும் எழுதித் தரலாம். அலுவலர்முன் பேச வேண்டியவர் அவ்விருளரே.