தரையில் வரைந்த கடல்

சதுரங்க ஆட்டத்தில் மறைவு என்பதே இல்லை. எதிரியின் யானை எங்கே, குதிரை எங்கே என்பது இருவருக்கும் தெரியும். உண்மைப் போரில் எதிரி எங்கே இருக்கிறான் என்பதே முதற்கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், அக்கேள்விக்கு விடை காண ஒரு விளையாட்டு அமைக்கப்பட்டது. ஒரு பெரிய அறையின் தரையே அதன் பலகை.

பிரிட்டன் ஒரு தீவு நாடு. எண்ணெயும் உணவில் பெரும்பங்கும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தே அங்கு வர வேண்டியிருந்தது. சரக்குக் கப்பல்கள் நாற்பது, ஐம்பதாகத் திரண்டு வரிசை வரிசையாகச் செல்லும். சில போர்க்கப்பல்கள் சுற்றிலும் காவல் வரும். அவ்வாறிருந்தும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் இரவில் தாக்கிவிட்டு மறைந்தன. கப்பல்களோடு மூழ்கிய மாலுமிகளுள் இந்தியத் துறைமுகங்களிலிருந்து சென்றவர்களும் பலர்.

இதற்கு வழி காணும் பொறுப்பு 1942 ஜனவரியில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரிடம் அளிக்கப்பட்டது. அவர் காசநோயால் கடற்படைப் பணியை இழந்திருந்தவர். அவருக்குத் துணையாகக் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள் வந்தனர். சிலருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பெண்கள் போர்க்கப்பலில் சென்று போரிட அக்காலத்தில் இடமில்லை. எனினும் கணக்கில் அவர்கள் வல்லவர்கள்.

பழுப்பு நிறத் தரையில் கட்டங்கள் வரையப்பட்டன. அவற்றின்மேல் சிறிய கப்பல் உருவங்கள் வைக்கப்பட்டன. காவற்கப்பல் தலைவர்களாக ஆடுவோர் கித்தான் திரைக்குப் பின்னால் அமர்ந்தனர். திரையிலுள்ள சிறு துளை வழியே, அந்நேரத்தில் அக்கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவர்களுக்குக் காட்டப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு நிமிடங்களே. கட்டளையைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் பெண்கள் உருவங்களை நகர்த்தி, சென்ற வழியைச் சுண்ணக்கட்டியால் வரைவர். நீர்மூழ்கிக்கு மட்டும் பச்சைச் சுண்ணம். துளை வழியே சாய்வாகப் பார்ப்பவருக்கு அந்நிறம் தரையோடு கலந்து மறைந்துவிடும்.

நீர்மூழ்கி, கப்பல் கூட்டத்துக்கு வெளியே நின்று தாக்குகிறது என்றே அதுவரை நம்பினர். அவ்வாறாயின் கூட்டத்தின் நடுவில் செல்லும் கப்பல் எவ்வாறு மூழ்கியது? தரையில் ஆடிப் பார்த்தபோது ஒரே விடைதான் பொருந்தியது: நீர்மூழ்கி கூட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! காவலர்களின் கவனம் முன்னும் பக்கங்களிலும் இருக்க, அது இரவில் நீர்மட்டத்தில் மிதந்தபடியே பின்புறமாக நுழைகிறது. அந்நிலையில் அதன் வேகம் சரக்குக் கப்பல்களின் வேகத்தை விஞ்சியது. அருகிலிருந்து சுட்டபின் ஆழத்தில் மூழ்கிக் காத்திருக்கும்; கப்பல்கள் தலைக்கு மேலே கடந்து போய்விடும். காவற்கப்பல்களோ அதை வெளிப்புறம் விரைந்து தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே, கூட்டத்தின் பின்புறத்தை ஒழுங்காகத் துழாவும் புதிய முறை வகுக்கப்பட்டது. ஜீன் லேய்ட்லா என்னும் பெண் அதற்கு ‘ராஸ்ப்பெரி’ எனப் பெயரிட்டார். அது ஒரு பழத்தின் பெயர்; நாக்கை நீட்டி ஒலியெழுப்பிக் கேலி செய்வதையும் ஆங்கிலேயர் அப்பெயரால் அழைப்பர். இங்கே கேலி ஹிட்லருக்கு!

அவ்வாண்டின் இறுதியில் தலைமைப் பொறுப்பேற்ற கடற்படைத் தளபதி மாக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலை நடத்தியவர். அவரே நீர்மூழ்கித் தலைவராக ஆடிப் பார்த்தார். ஐந்து முறை ஆடி ஐந்து முறையும் அகப்பட்டார். அவரை வென்றவர் ஜேனட் ஓக்கல் என்னும் இளம்பெண்.

1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்து, எஞ்சியவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. ராடார், வானூர்திகள், மறைமொழியை உடைத்தவர்கள் ஆகிய அனைவருக்கும் அதில் பங்குண்டு. லிவர்பூல் அறையில் போர்முடிவு வரை ஏறத்தாழ 5,000 அலுவலர்கள் பயின்றனர். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் திரைக்கு வெளியே வந்து தரையைக் காண்பர். தாங்கள் தேடிய இடம் எது, பச்சைக்கோடு சென்ற இடம் எது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.