கடப்பிதழ் முதலாளி கையில், கடன் தொழிலாளி தலையில்: பூந்தோட்டக் குத்தகையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீடுகள், தொழிற்சாலைகள், பள்ளிகள், சாலையோரங்கள் என எங்கும் புல் வெட்டவும் செடி நடவும் ஆள் தேவைப்படுகிறது. இந்தக் குத்தகையை எடுத்துச் செய்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ஒரு லோரி, நான்கைந்து புல்வெட்டும் இயந்திரங்கள், சில அந்நியத் தொழிலாளர்கள் இருந்தால் தொழில் நடந்துவிடும்.

இப்படிச் சிறிய அளவில் தொழில் செய்பவரிடம் கட்டாய உழைப்பு என்று பேச்செடுத்தால், “அது பெரிய கம்பெனி விவகாரம். நான் ஆளை அடிக்கிறேனா, பூட்டி வைக்கிறேனா?” என்றுதான் கேட்பார். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் தொழிலாளி நாளைக்கே வேலையை விட்டுப் போக நினைத்தால், அவரால் போக முடியுமா?

திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 90பி பிரிவின்படி, மிரட்டியோ ஏமாற்றியோ பலவந்தப்படுத்தியோ வேலை வாங்கி, ஆளை வெளியேற விடாமல் தடுக்கும் முதலாளிக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிறு குத்தகையாளருக்குத் தனிச் சலுகை கிடையாது.

பாட்டன் காலத்துக் கடன்

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறைக்குப் போக நேர்ந்தது. அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையின் தொடக்க காலத்திலும், ஊரில் கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் கடனாகி ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்த பிறகே கங்காணி வழி ஆள் எடுப்பது நின்றது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச்.நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமையையும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்று கங்காணி இருந்த இடத்தில் முகவர் இருக்கிறார். வங்காளதேசத்திலோ நேப்பாளத்திலோ தமிழ்நாட்டிலோ வட்டிக்குக் கடன் வாங்கி, முகவருக்குக் கொடுத்துவிட்டு வருபவர், அந்தக் கடன் தீரும்வரை எதையும் பொறுத்துக்கொள்வார். மாறியிருப்பது ஒன்று: இப்போது முதலாளி நாற்காலியில் நம்மவரும் உட்கார்ந்திருக்கிறார்.

விட வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, கடப்பிதழை வாங்கி வைப்பது. “தொலைத்துவிடுவான், அதனால் நான் வைத்திருக்கிறேன்” என்பது வழக்கமான பதில். உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பாதுகாப்புதான் கவலை என்றால் தங்குமிடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம். சாவி தொழிலாளியிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது. “ஓடிவிடக் கூடாது” என்று ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பது சட்டவிரோதம். மாதம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளம் போய்ச் சேர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் போனால் கூடுதல் நேரச் சம்பளம் உண்டு. இவை அந்நியத் தொழிலாளருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, தங்குமிடம். லோரி நிறுத்தும் கொட்டகையில் பலகை அடித்துப் படுக்க வைப்பது இனி செல்லாது. 446ஆவது சட்டப்படி தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் 50,000 வெள்ளி வரை அபராதம்.

“அது சப்-கொன் ஆள்”

வேலை அதிகமானால் துணைக் குத்தகையாளரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் எங்கிருந்தோ ஆள் கொண்டு வருகிறார். அந்த ஆள்களுக்கு அவர் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவின் கீழ் 3 மாதச் சம்பளம் வரை, வேலையைக் கொடுத்தவரும் பொறுப்பேற்க நேரலாம். எனவே வேலையைக் கொடுக்கும் முன் சம்பளச் சீட்டையும் வேலை பெர்மிட்டையும் கேட்டுப் பாருங்கள். பெர்மிட்டில் உள்ள முதலாளியின் பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தால் தொழிலாளிகளிடமே தனியாகப் பேசுங்கள். இங்கு வர எவ்வளவு கொடுத்தாய், கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது, போன மாதச் சம்பளம் வந்ததா என்ற மூன்று கேள்விகள் போதும்.

வாங்கும் பொருளுக்கும் இது பொருந்தும். செடியும் புல்லும் வாங்கும் நாற்றுப் பண்ணையில் வேலை செய்வது யார் என்று பாருங்கள். நடைபாதைக் கல் இந்தியாவிலிருந்து வந்தால் எந்தச் சுரங்கத்துக் கல் என்று கேளுங்கள். இந்தியாவில் கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் ஹரியானா மாநிலம் ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களின் நிலை உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால், அதன் பின்னால் முன்பணக் கடன் இருப்பதாகவே நீதிமன்றம் கருதும் என்று 1983இல் வந்த அந்தத் தீர்ப்பு சொன்னது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே உதாரணம் உண்டு. கிள்ளானில் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளுக்கு, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020 ஜூலையில் அமெரிக்கா இறக்குமதித் தடை விதித்தது. முகவர்களுக்குத் தொழிலாளர்கள் கொடுத்திருந்த பணத்துக்காக அந்நிறுவனம் 130 மில்லியன் வெள்ளிக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது.

பார்ப்பவர்கள் செய்யக்கூடியது

தொழிலாளி தனியாக வெளியே போவதில்லை, பேசும்போது மேற்பார்வையாளரைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார், கையில் கடப்பிதழ் இல்லை, எவ்வளவு கடன் பாக்கி என்று அவருக்கே தெரியவில்லை. இவை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த 11 அடையாளங்களோடு ஒத்துப்போகும் அறிகுறிகள். தொழிலாளர் இலாகாவிலோ அதன் ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலியிலோ புகார் செய்யலாம். ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும் உதவும்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புல் வெட்டும் குத்தகை அடுத்த முறை கைமாறும்போது, நிர்வாகக் கூட்டத்தில் விலையோடு இதையும் கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர், அந்த விலையில் ஆளுக்கு 1,700 வெள்ளி எப்படிக் கொடுப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும்.