குடியிருப்பவர்க்கே வீடு: நியாய விலை யாது?

குடிக்கூலி கொடுத்து வாழ்வதும் சொந்த வீட்டில் வாழ்வதும் ஒன்றல்ல. இருபது ஆண்டுகள் தவறாமல் வாடகை செலுத்திய குடும்பத்துக்கும் அவ்வீட்டின் ஒரு செங்கல்கூட உரிமையாவதில்லை. பொதுப் பணத்தில் கட்டிய வீட்டை அதில் குடியிருப்பவர்க்கே விற்றால் என்ன என்னும் வினா இதிலிருந்தே பிறந்தது. விற்கலாம் என்பதற்குப் பலரும் உடன்படுவர். என்ன விலைக்கு என்பதே சிக்கல்.

பிரிட்டன் கண்ட விடையை முதலில் நோக்குவோம். அங்கே உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் ஏராளம். 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், அவற்றில் மூன்றாண்டு குடியிருந்தவர்க்கு வீட்டை வாங்கும் உரிமையை வழங்கியது. சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. மூன்றாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விழுக்காடு கூடுதல். உச்ச வரம்பு 50 விழுக்காடு. அதன்படி, பத்தாண்டு குடியிருந்தவர் 20,000 பவுன் மதிப்புள்ள வீட்டை 12,000 பவுனுக்குப் பெறலாம்.

இத்தள்ளுபடியை வெறும் கொடை எனக் கூறுதல் பொருந்தாது. ஆள் குடியிருக்கும் வீட்டைப் பிறர் வாங்கினால் உடனே அதில் குடிபுக இயலாது. ஆகவே, காலி வீட்டைவிட அதன் விலை குறைவாகவே இருக்கும். பல்லாண்டு செலுத்திய வாடகையும் கட்டுமானக் கடனை அடைக்க உதவியிருக்கும். எனவே, குடியிருப்பவர்க்கு விலையைக் குறைப்பதில் நியாயம் உண்டு.

ஆனால், விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரையன்றி மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். வாடகை வீட்டுக்காகப் பெயர் பதிந்து காத்திருக்கும் ஏழையே அவர். விற்ற பணத்தில் வேறொரு வீடு எழுந்தால் அவர்க்கு இழப்பில்லை. பிரிட்டனிலோ, அப்பணத்தின் பெரும்பகுதியைப் புது வீடு கட்டச் செலவிட மன்றங்களுக்கு நெடுங்காலம் தடை இருந்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் விற்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாக எழுந்தவை மிகக் குறைவு. விற்ற வீடுகள் பல, பின்னர்க் கைமாறிக் கூடுதல் வாடகைக்கு விடப்பட்டன. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை நிறுத்தின. இங்கிலாந்து 2024 நவம்பரில், தள்ளுபடியின் உச்ச வரம்பை வட்டாரத்துக்கேற்ப 16,000 முதல் 38,000 பவுன் வரை எனக் குறைத்தது.

நம் சிங்கப்பூர் சென்ற வழி வேறு. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதலில் வாடகை வீடுகளையே கட்டியது. 1964இல் வீட்டுரிமைத் திட்டத்தைத் தொடங்கி, புதிய வீடுகளை விற்க முற்பட்டது. கைப்பணத்தில் முன்பணம் கட்டுவது பலர்க்கு அரிதாக இருந்தது. 1968இல் மத்திய சேமநிதியைப் பயன்படுத்த இசைவு கிடைத்ததும் வாங்குவோர் பெருகினர். ஈண்டு இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கே விற்கப்பட்டன. ஆதலால் நிலம் பொதுவுடைமையாகவே நின்றது. விற்பனை நடந்த காலமெல்லாம் கட்டுமானமும் தொடர்ந்து நடந்தது.

ஆக, வாங்குபவர் தாங்கக்கூடியதாகவும், காத்திருப்பவர்க்கு இன்னொரு வீட்டைக் கட்டித் தரக்கூடியதாகவும் அமைவதே நியாய விலை. இவ்விரண்டும் ஒருங்கே கூடாத இடத்தில், குறையும் தொகையை அரசே ஈடுசெய்து வீடு கட்டவேண்டும். இல்லையேல், ஒருவர் பெற்ற சலுகையை மற்றொருவர் வாடகையாகச் செலுத்த நேரும்.