ஒல்லியா இருந்தா தப்பிச்சீங்களா?

"எனக்கா சர்க்கரை? ஒட்டடைக் குச்சி சார் நான்!"

வானகரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், கையில் பஜ்ஜியோடு ஆபீஸ் நண்பர்கள் அடிக்கும் வசனம் இது. எங்கப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-ல் ஜோடியாகப் போட்டோ வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே. உடம்புக் கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2!

இந்தக் கொழுப்பு வெளியே தெரியாது. கல்லீரலுக்குள்ளேயும் குடித்தனம் நடத்தும். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்தவர்களில் 32 சதவிகிதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரைக்காரர்களில் பாதிக்கும் மேல்!

கல்லீரலுக்குக் காவல், குப்ஃபர் செல்கள். கிருமியை விரட்டுவது டூட்டி. கொழுப்பு மிதமிஞ்சினாலும் அதே லத்தி சார்ஜ்தான்! விளைவு, அழற்சி. அழற்சியில் சுரக்கும் டி.என்.எஃப். என்ற ரசாயனம் இன்சுலின் வேலையைக் கெடுப்பதை, 1993-ல் ஹோட்டாமிஸ்லிகில் குழு அமெரிக்காவில் குண்டு எலிகளிடம் கண்டுபிடித்தது.

ஜீனுக்கும் பங்கு உண்டு. பி.என்.பி.எல்.ஏ.3 என்ற ஜீனில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால், கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் கூடும் என்று 2008-ல் டல்லாஸ் விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

ஜீனை மாற்ற முடியாது சார், இடுப்பை மாற்றலாம். கை கால் குச்சியாக இருந்தாலும், டெய்லரிடம் டேப் வாங்கி அளந்து பாருங்க. நம்ம ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் லிமிட். தாண்டிவிட்டதா? வீட்டில் யாருக்காவது சர்க்கரையா? நாளைக் காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போங்க.

பஜ்ஜி எங்கேயும் ஓடிப்போகாது!