எண்ணப்படாதவர்கள்

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவு முதல் 21 நாள். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். நோய்ப் பரவலைத் தாமதப்படுத்தி மருத்துவமனைகளைத் தயார்செய்ய அது உதவியது என்கிறார்கள் ஆதரித்தவர்கள். அந்த வாதத்தை நாம் அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. நம் கேள்வி வேறு: ‘வீட்டிலேயே இருங்கள்’ என்றபோது, வேலைத்தளத்திலேயே படுத்துறங்கும் தினக்கூலிகள் யார் நினைவில் இருந்தார்கள்?

வேலை போனது; கூடவே தங்கும் இடமும் போனது. நடந்தார்கள். அப்படி நடந்தவர்களில் நிலமற்ற தலித்துகளும் பழங்குடியினரும் ஏராளம். மே 8 அதிகாலை, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 16 பேர் சரக்கு ரயில் ஏறி மாண்டார்கள்.

ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று செப்டம்பரில் மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம்.

அவசரத்தில் எடுத்த முடிவு பிழையாகலாம். அதைப் பற்றி இரு தரப்பும் வாதிடலாம். ஆறு மாதம் கழித்தும் இறந்தவர்களை எண்ணாததற்கு அவசரம் காரணமாகாது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. ஆகவே தோழர்களே, நம் சேரிகளிலிருந்து பிழைக்கப் போகிறவர்களின் பெயரையும் ஊரையும் நாமே எழுதிவைக்கத் தொடங்குவோம்.