தேளும் ஒரு தாய்தான்!

தேள் என்று சொன்னாலே உடம்பு கூசுகிறதா? எனக்கும் அப்படித்தான். நம் வீடுகளில் தேளைக் கண்டால், "செருப்பை எடு, விளக்குமாற்றை எடு" என்றுதான் குரல் எழும். அதோடு ஒரு கதையும் உண்டு. தேள் ஒரே ஒரு தடவைதான் குட்டி போடும், பிறந்த குட்டிகள் தாயையே தின்று தீர்த்துவிடும் என்பார்கள். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையை, "தாயைத் தின்ன வந்த தேள் குட்டி" என்று வைகிற பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கதை சுத்தப் பொய்! தேள் குட்டி வளர்ப்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சகோதரிகளே.

என் அக்கா மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு முழங்கால் வலி என்பதால் அவளுக்குப் பதிலாக நான். போய் இறங்கிய அன்றுதான் தெரிந்தது, மாப்பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் தேள் வளர்க்கிறார் என்று! நாய், பூனை மாதிரி அங்கே அதையும் கடையில் வாங்கி வளர்க்கிறார்கள். கன்னங்கரேலென்று ஒரு சாண் நீளம். சக்கரவர்த்தித் தேள் என்று பெயராம். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ பக்கத்துக் காடுகள்தான் அதன் தாயகம்.

"பயப்படாதீங்க அத்தை, மூடிக்குப் பூட்டு இருக்கு. இது கொட்டினாலும் தேனீ கொட்டின மாதிரிதான்" என்றார் மாப்பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுவும் மாசமா இருக்கு அத்தை" என்றார்.

ஒரே வீட்டில் இரண்டு கர்ப்பிணிகள்!

வயிற்றுக்குள்ளேயே பால் குடி

தேள் முட்டையிடும் ஜந்து அல்ல. நம்மைப் போலக் குட்டி ஈனுவது. இந்தப் பெரிய கருந்தேளுக்குக் கர்ப்ப காலம் ஏழு, எட்டு மாதத்துக்குக் குறையாது. சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகுமாம். ஒவ்வொரு கருவும் தாயின் வயிற்றுக்குள் தனித்தனிப் பையில் வளர்கிறது. அந்தப் பையில் முலைக்காம்பு மாதிரி ஒரு பாகம் இருக்கிறது. கரு அதை வாயால் கவ்விக்கொண்டு, தாயின் உடம்பிலிருந்தே ஆகாரம் எடுத்துக்கொள்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

எங்கள் வீட்டில் முதலில் பேத்தி பிறந்தாள். இரண்டு வாரம் கழித்துத் தேளுக்குப் பிரசவம். மாப்பிள்ளை மங்கலான சிவப்பு விளக்கைப் பிடித்துக் காட்டினார். தேள் உடம்பைத் தரையிலிருந்து உயர்த்தி நின்றுகொண்டு, முன்கால்களை வளைத்து அடியில் ஒரு கூடை மாதிரி வைத்திருந்தது. குட்டிகள் மண்ணில் விழாமல் அந்தக் கூடையில் விழுகின்றன. விழுந்ததும் தாயின் காலைப் பற்றிக்கொண்டு முதுகில் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. பச்சரிசி மாவில் பிடித்து வைத்தது போல வெள்ளை வெளேரென்று, மெத்து மெத்தென்று இருபது குட்டிகள்! அவற்றுக்கு அப்போது கொட்டவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. பாதத்தில் நகத்துக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் மெத்தை மட்டும்தான்.

கறுத்த முதுகில் வெள்ளைக் குட்டிகள் மொய்த்திருப்பதைப் பார்த்துத்தான், "தாயின் முதுகைத் தின்கிறது" என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். உண்மையில் முதுகில் இருக்கும் வரை அவை எதையும் தின்பதில்லை. பிறக்கும்போது உடம்பில் கொண்டுவந்த சத்தே அவற்றுக்குப் போதும். சுமார் இரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கின்றன. தோல் இறுகி, நிறம் கறுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தாய்க்கு ஒரு சேதமும் இல்லை. பிழைத்திருந்து அடுத்த ஈடும் போடும்.

தாயைத் தொந்தரவு செய்யாதே!

இன்னொன்றையும் மாப்பிள்ளை சொன்னார். கதையில் வருவதற்கு நேர் எதிர் அது. பிரசவித்த தேளை அடிக்கடி தட்டி, வெளிச்சம் போட்டு, பெட்டியை நகர்த்தினால், மிரண்டுபோன தாய் தன் குட்டிகளையே தின்றுவிடுவதுண்டாம். அதனால் பெட்டிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடினார். தண்ணீர்க் கிண்ணம் வைக்க மட்டும் சத்தமில்லாமல் திறப்பார். "பார்க்கணும்" என்று வந்த நண்பர்களை எல்லாம், "ஒரு மாசம் போகட்டும்" என்று திருப்பி அனுப்பினார்.

ஆனால் பெற்றெடுத்த பெண்ணைப் பார்க்க மட்டும் தினமும் சாயங்காலம் கூட்டம்! குழந்தையைக் கைக்குக் கை மாற்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள். "பால் போதுதா? ஏன் இப்படி அழுகிறது?" என்று கேள்வி வேறு. ராத்திரி முழுக்க விழித்த பெண், அவர்கள் போன பிறகு மூலையில் உட்கார்ந்து அழுவாள். மூன்றாம் நாள் நான் கேட்டே விட்டேன்.

"மாப்பிள்ளை, தேளுக்குத் துணி போட்டு மூடினீங்களே, எங்க பொண்ணுக்கு ஒரு கதவைச் சாத்தக் கூடாதா?"

அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் விருந்தாளிகள் என்று ஆயிற்று. பகலில் குழந்தை தூங்கும்போது தாயும் தூங்கினாள். முகம் தெளிந்தது.

ஃபாபர் கண்ட அதிசயம்

பிரான்ஸ் தேசத்துப் பூச்சியியல் அறிஞர் ஃபாபர் (1823–1915), ஸெரீன்யான் என்ற ஊரில் தன் வீட்டில் தேள்களை வளர்த்து வருஷக் கணக்கில் கவனித்தவர். ஒரு தாயின் முதுகிலிருந்த குட்டிகளைத் தூரிகையால் தள்ளி, குட்டிகளோடு இருந்த வேறொரு தாயின் அருகில் விட்டுப் பார்த்தார். அவை அந்தத் தாயின் முதுகில் ஏறிக்கொண்டன. அவளும் சும்மா சுமந்தாள்! தன் பிள்ளை, ஊரான் பிள்ளை என்ற பேதமில்லை.

எங்கள் தேள் குட்டிகள் இறங்கிய பிறகும் தாயை விட்டு ஓடவில்லை. அது ஒரு சுவர்க்கோழியைப் பிடித்துக் கொன்றால், குட்டிகள் சுற்றி நின்று பங்கு போட்டுக்கொள்ளும். நம் ஊர் நட்டுவாக்காலி வகையிலும் தாயும் குட்டிகளும் ஒரே வளையில் வெகுநாள் சேர்ந்து வாழ்வதுண்டு.

நம் வீட்டில் ஜாக்கிரதை

இதைப் படித்துவிட்டு யாரும் தேளிடம் பிரியம் வைத்துவிடாதீர்கள்! நம் நாட்டுச் செந்தேள் சிறியது, ஆனால் அதன் விஷம் குழந்தைகளின் இருதயத்தைத் தாக்கக்கூடியது. கொட்டிய பிறகு குழந்தைக்கு வாந்தி, கொட்டும் வியர்வை, கை கால் சில்லிடுதல் இருந்தால் மிகவும் ஆபத்து. அந்த அறிகுறிகள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடிவாயைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், மந்திரிக்கக் காத்திருப்பதும் கூடாது. மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சிற்றூர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற மாத்திரை இந்த விஷத்துக்கு நல்ல பலன் தருவதை 1980களில் எடுத்துக் காட்டினார். சீக்கிரம் கொடுத்தால் உயிர் பிழைக்கும்.

செருப்பை உதறிப் போடுங்கள். குழந்தையின் துணிகளைத் தரையில் குவிக்காதீர்கள். கட்டிலையும் தூளியையும் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். விறகு, செங்கல் குவியலில் பிள்ளைகள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் முரண்டு பிடித்தால் வேறு எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். "தாயைத் தின்ன வந்த தேள் குட்டி" என்று மட்டும் இனிச் சொல்லாதீர்கள். அந்தப் பழி தேள் குட்டிக்கும் பொருந்தாது, நம் குட்டிகளுக்கும் பொருந்தாது.